‘புரிஞ்சுதுங்க சார்’ என்பதை நம்பாமல் ஆன்லைன் வகுப்பு எடுப்பது எப்படி?

கொங்குப் பக்கம் கல்லூரியில் பாடம் எடுத்தவர்களுக்கு இது பழக்கமான விஷயம். “புரிஞ்சுதுங்களா?” என்று கேட்டால் வகுப்பு மொத்தமும் “புரிஞ்சுதுங்க சார்” என்று ஒரே குரலில் சொல்லும். ஆசிரியரிடம் ‘இல்லை’ என்று சொல்வது மரியாதை இல்லை என்று வளர்ந்த பிள்ளைகள். வகுப்பறையில் இதனால் பெரிய கேடில்லை. கடைசி பெஞ்சில் ஒருவன் புருவத்தைச் சுருக்குவதும், ஒருத்தி பக்கத்துப் பெண்ணின் நோட்டை எட்டிப் பார்ப்பதும் நம் கண்ணில் பட்டுவிடும். திரையில் அதெல்லாம் கிடையாது. பெயர் எழுதிய கறுப்புக் கட்டங்கள்தான். அவற்றிடமும் அதே கேள்வியைக் கேட்கிறோம். சாட்டில் அதே பதில் வரிசையாக வந்து விழுகிறது.

புதிதாக ஆன்லைன் வகுப்பு எடுக்க வருபவர்கள் முதலில் வாங்குவது மைக், ரிங் லைட், பச்சைத் திரை. எல்லாம் நாம் பேசுவது நன்றாகத் தெரியவும் கேட்கவும். மாணவருக்கு எது விளங்கவில்லை என்பதை நமக்குக் காட்டிக்கொடுக்கும் கருவியைத்தான் முதலில் பிடிக்க வேண்டும் என்பது என் கட்சி. கீழே வரும் வரிசை அந்தக் கணக்கில் போட்டதுதான்.

கலை அறிவியல் கல்லூரியில் புதிதாகச் சேர்ந்த உதவிப் பேராசிரியர், கௌரவ விரிவுரையாளர், தொலைநிலைக் கல்வி மையத்தில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு எடுப்பவர், அரியர் மாணவர்களுக்கு இரவில் பாடம் சொல்பவர் ஆகியோரை நினைத்து எழுதுகிறேன். கையில் ஒரு ஸ்மார்ட்போனும் சாதாரண லேப்டாப்பும் இருந்தால் போதும். காசு கொடுத்து வாங்க வேண்டிய மென்பொருள் எதையும் சொல்லப் போவதில்லை.

முதல் வேலை: மாணவர் கையில் என்ன இருக்கிறது?

பருவம் தொடங்கும் முன்பே கூகுள் ஃபார்ம்ஸில் ஒரு சின்னப் படிவம் போடுங்கள். போன் சொந்தமா, வீட்டில் பொதுவா? எந்த நேரத்தில் அது உங்கள் கைக்கு வரும்? வைஃபையா, தினசரி டேட்டா பேக்கா? வீட்டுக்குள் சிக்னல் கிடைக்குமா? வேலைக்குப் போகிறீர்களா, எந்த ஷிஃப்ட்? இவ்வளவு போதும். படிவத்தை நிரப்பாதவர்களை விட்டுவிடாதீர்கள். இணைப்புச் சிக்கல் இருப்பவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான். வகுப்பு ரெப்பை வைத்துப் போனில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

பதில்களைப் பார்த்த பிறகு உங்கள் கால அட்டவணை தானாக மாறும். திருப்பூர், அவினாசிப் பக்கம் பனியன் கம்பெனியில் செக்கிங், பேக்கிங் வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கிறவர்கள் இருப்பார்கள். அவர்களை மாலை ஆறு மணி வகுப்பில் எதிர்பார்க்க முடியாது. சோமனூர், பல்லடம் பக்கம் விசைத்தறி ஓடும் வீட்டிலிருந்து சேரும் மாணவர் மைக்கைத் திறக்கவே மாட்டார். கூச்சம் மட்டும் காரணமில்லை. தறிச் சத்தத்தில் நீங்கள் பேசுவதே அவருக்குச் சரியாகக் கேட்காது. தாளவாடி, கடம்பூர், பர்கூர் மலைப்பகுதிப் பிள்ளைகளுக்கு நேரலை வீடியோ அடிக்கடி அறுந்துபோகும் என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள்.

டேட்டா கணக்கையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். நொடிக்கு ஒரு மெகாபிட் வேகத்தில் ஓடும் வீடியோ மணிக்கு 450 எம்பி தின்னும். அப்படி மூன்று வகுப்பு வைத்தால் 1,350 எம்பி. நாளுக்கு 1.5 ஜிபி பேக் போட்டிருக்கும் பிள்ளைக்கு மிச்சம் என்ன? அதே சமயம், பத்து நிமிடப் பேச்சை 32 கேபிபிஎஸ் ஒலிக்கோப்பாகச் சுருக்கினால் 2.4 எம்பிதான். பேச்சு தெளிவாகவே இருக்கும். இந்த இரண்டு எண்களும் நினைவில் இருந்தால் எதை நேரலையில் வைப்பது, எதை அனுப்பிவிடுவது என்று முடிவெடுப்பது சுலபம்.

இன்னொன்று, மாதாந்திரப் பராமரிப்புக்காக ஈபி ஷட் டவுன் எந்தத் துணைமின் நிலையத்தில் எந்த நாள் என்று நாளிதழில் முன்கூட்டியே வரும். வகுப்புத் தேதி போடும்போது அதையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். உங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கலாம். மாணவர் ஊரில் மின்சாரம் போனால் வீட்டு வைஃபை போய்விடும்.

எல்லாம் ஒரே இடத்தில்

ஸ்லைடு வாட்ஸ்அப்பில், அசைன்மென்ட் மெயிலில், லிங்க் டெலிகிராமில், மதிப்பெண் நோட்டீஸ் போர்டில் என்று சிதறினால் மாணவர் பாடத்தைத் தேடுவதிலேயே களைத்துப்போவார். ஒரே இடத்தை முடிவு செய்யுங்கள். கல்லூரியில் மூடுல் நடத்தினால் அதையே பிடித்துக்கொள்ளுங்கள். பாடம், கேள்வித் தாள், மதிப்பெண் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்க, 2002இல் ஆஸ்திரேலியாவின் மார்ட்டின் டகியாமாஸ் வெளியிட்ட இலவசத் திறமூல மென்பொருள் அது. வினா வங்கி விஷயத்தில் கூகுளைவிட வலுவானது. ஆனால் சர்வரைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். ஆள் இல்லாத இடத்தில் கூகுள் கிளாஸ்ரூம் போதும்.

கிளாஸ்ரூமில் வகுப்பைத் திறந்ததும் ‘தலைப்புகள்’ பகுதியில் வாரவாரியாகப் பிரியுங்கள். ‘வாரம் 03: இடைநிலை அளவு’ என்பது போலப் பெயர் வையுங்கள். ‘யூனிட் 2 நியூ ஃபைனல்’ என்று வைத்தால் ஒரு மாதம் கழித்து உங்களுக்கே அது எது என்று தெரியாது. ஒவ்வொரு வாரத்துக்குள்ளும் ஒரே வரிசை: பதிவு, படிக்க ஒரு பிடிஎஃப், கேள்வித் தாள், நேரலை லிங்க். வரிசை மாறாமல் இருந்தால் மூன்றாவது வாரத்திலிருந்து “சார், எங்க இருக்குதுங்க?” என்ற அழைப்புகள் குறையும்.

வாட்ஸ்அப்பை விட முடியாது; எல்லாரும் அங்கேதான் இருக்கிறார்கள். அறிவிப்புக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சாதாரணக் குழுவில் ஒவ்வொருவர் எண்ணும் மற்ற எல்லாருக்கும் தெரியும். மாணவிகள் பலர் இதனாலேயே குழுவில் சேரத் தயங்குகிறார்கள். வீட்டிலும் கேள்வி வரும். வாட்ஸ்அப் கம்யூனிட்டியின் அறிவிப்புக் குழுவில் உறுப்பினர் எண்கள் ஒருவருக்கொருவர் தெரியாது. டெலிகிராமிலும் எண்ணை மறைக்கும் அமைப்பு உண்டு. முதல் நாளே இதைச் செய்துவிடுங்கள். பின்னால் மாற்றுவது பெரும் பாடு.

பாடத்தைச் சின்னதாகப் பதிவு செய்யுங்கள்

2014இல் வெளியான ஓர் ஆய்வு, எட்எக்ஸ் என்ற இணையவழிப் பாடத் தளத்தில் மாணவர்கள் பாட வீடியோ பார்த்த 69 லட்சம் தடவைகளை அலசியது. வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும், சராசரி மாணவர் அதோடு தங்கிய நேரம் ஆறு நிமிடத்தைத் தாண்டவில்லை. அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. ஸ்லைடைக் காட்டிப் பேசுவதைவிட, கையால் எழுதிக்கொண்டே விளக்கும் வீடியோக்களில் மாணவர்கள் கூடுதல் நேரம் தங்கினார்கள்.

இதற்கு விலை உயர்ந்த டேப்லெட் தேவையில்லை. போனைத் தலைகீழாகப் பிடிக்கும் வளையும் ஸ்டாண்ட் ஒன்றை மேசையில் மாட்டி, கேமரா காகிதத்தை நேராகப் பார்க்கும்படி வையுங்கள். ஏ4 தாளைப் படுக்கவாட்டில் போட்டு, தடித்த கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் எழுதுங்கள். தாளில் ஆறேழு வரிக்கு மேல் வேண்டாம். மின்விசிறியை நிறுத்துங்கள், அது தாளையும் பறக்கவிடும், ஒலியையும் கெடுக்கும். சாதாரண இயர்போன் மைக் போதும். டேலி, எக்செல் போன்றவற்றைத் திரையில் செய்து காட்ட வேண்டுமானால் திரையைப் பதிவு செய்யும் ஓபிஎஸ் ஸ்டூடியோ மென்பொருளை லேப்டாப்பில் நிறுவிக்கொள்ளுங்கள். இலவசம், கால வரம்பு இல்லை.

ஒரு பதிவுக்கு ஒரே கருத்து. ‘மையப்போக்கு அளவைகள்’ என்று நாற்பது நிமிடம் எடுக்காமல், கூட்டுச் சராசரி ஒன்று, இடைநிலை ஒன்று, முகடு ஒன்று, எதை எப்போது பயன்படுத்துவது என்று ஒன்று. யூடியூபில் ‘அன்லிஸ்டட்’ ஆக (தேடலில் வராது, லிங்க் உள்ளவர்கள் பார்க்கலாம்) ஏற்றி லிங்க்கைக் கிளாஸ்ரூமில் போடுங்கள். டேட்டா இல்லாதவருக்கு அதே பாடத்தின் ஒலிக்கோப்பும், எழுதிய தாளைக் கூகுள் டிரைவ் செயலியில் ஸ்கேன் செய்த பிடிஎஃப்பும். இரண்டும் சேர்ந்து சில எம்பிதான் வரும்.

ஸ்லைடு போட்டே ஆக வேண்டுமென்றால் லேப்டாப்பில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். உங்கள் போனில் திறந்து கையை நீட்டிப் பிடித்துப் பாருங்கள். படிக்க முடியவில்லை என்றால் எழுத்து சின்னது.

ஏற்கெனவே நன்றாக இருப்பதை மறுபடி பதிவு செய்ய வேண்டாம். ஐஐடிகளும் பெங்களூரு ஐஐஎஸ்சியும் சேர்ந்து 2003இல் தொடங்கிய என்பிடெல், 2017இல் வந்த ஸ்வயம் ஆகிய இணையவழிப் பாடத் தளங்கள் இரண்டிலும் பாடங்கள் குவிந்து கிடக்கின்றன. அங்கிருந்து எடுக்கும்போது எந்த நிமிடத்திலிருந்து எந்த நிமிடம் வரை பார்க்க வேண்டும் என்று எழுதுங்கள். வெறும் லிங்க்கை அனுப்பினால் யாரும் திறக்க மாட்டார்கள்.

கேள்வி: பாதி உழைப்பு இங்கே போகட்டும்

செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரோடிகர், கார்ப்பிக்கி இருவரும் 2006இல் வெளியிட்ட சோதனையில், ஒரு பகுதியைப் படித்த மாணவர்களில் சிலர் அதையே திரும்பப் படித்தார்கள். சிலர் புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்கள் முன்னே இருந்தார்கள். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ். எழுதிப் பார்த்தவர்களுக்கே அதிகம் நினைவிருந்தது. ஆக, கேள்வித் தாள் மதிப்பெண் போடுவதற்கான கருவி மட்டுமில்லை, படிக்க வைக்கும் கருவியும்கூட. ஒவ்வொரு பதிவுக்குப் பின்னும் மூன்று நான்கு கேள்வி வையுங்கள். மதிப்பெண் மிகக் குறைவாக இருக்கட்டும், அல்லது வேண்டவே வேண்டாம். மதிப்பெண் பெரிதானால் பக்கத்து வீட்டு நண்பனிடமிருந்து பதில் வாங்குவார்கள். நமக்கு உண்மை தெரியாமல் போகும்.

கூகுள் ஃபார்ம்ஸில் ‘வினாடி வினா’ அமைப்பை ஆன் செய்தால் சரியான விடையை முன்கூட்டியே குறித்துவைக்கலாம். திருத்தும் வேலை இல்லை. இதெல்லாம் அரை மணியில் பழகிவிடும். தவறான விடைகளை எழுதுவதுதான் நேரம் பிடிக்கும் வேலை. ஒவ்வொரு தவறான விடையும் ஒரு குறிப்பிட்ட குழப்பத்தைக் காட்ட வேண்டும். ஓர் எடுத்துக்காட்டு:

‘ஒரு பனியன் யூனிட்டில் ஒன்பது பேருக்கு மாதம் ரூ.15,000 சம்பளம். மேலாளருக்கு ரூ.1,15,000. இங்கே வேலைக்குச் சேரப் போகும் உங்கள் தம்பி, மற்றவர்கள் பொதுவாக என்ன வாங்குகிறார்கள் என்று கேட்கிறான். எந்த எண்ணைச் சொல்வீர்கள்?’ விடைகள்: 15,000, 25,000, 65,000, 1,15,000.

25,000 என்பவருக்குக் கணக்குத் தெரியும், கூட்டுச் சராசரியைச் சரியாகவே போட்டிருக்கிறார். ஒரே ஒரு பெரிய எண் சராசரியை எப்படி இழுத்துக்கொண்டு போகிறது என்பது அவருக்கு விளங்கவில்லை. 65,000 என்பவர் 15,000, 1,15,000 இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்திருக்கிறார். எத்தனை பேர் என்பதையே கணக்கில் எடுக்கவில்லை. கடைசி விடையைத் தொட்டவர் கேள்வியைப் படிக்கவில்லை. இந்த மூவருக்கும் ஒரே விளக்கத்தை மறுபடி சொல்லிப் பயனில்லை. ஃபார்ம்ஸில் பதிலைப் பொறுத்து அடுத்த பகுதிக்கு அனுப்பும் வசதி இருக்கிறது. 65,000 தொட்டவரை இரண்டு நிமிட வீடியோவுக்கும், 25,000 தொட்டவரை வேறொரு கேள்விக்கும் அனுப்பிவிடலாம்.

கேள்விக்கான விவரங்களை நம் ஊரிலிருந்தே எடுங்கள். நாமக்கல்லில் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு அறிவிக்கும் முட்டை விலை இருக்கிறது. ஈரோடு மஞ்சள் விலை இருக்கிறது. மத்திய அரசின் அக்மார்க்நெட் தளத்தில் சந்தை வாரியாக விலை கிடைக்கிறது. காலத்தொடர் பகுப்பாய்வுக்குப் பாடப்புத்தகத்தில் இருக்கும் பழைய எஃகு உற்பத்தி அட்டவணையைவிட, வீட்டில் கோழிப்பண்ணை வைத்திருக்கும் பிள்ளைக்கு முட்டை விலை நன்றாகவே பேசும். செலவுக் கணக்கியலுக்கு ஒரு டி-ஷர்ட்டின் அடக்க விலை: நூல், நிட்டிங், டையிங், கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங். வகுப்பில் பாதிப் பேர் இதில் ஏதோ ஒரு வேலையை வீட்டிலேயே பார்த்திருப்பார்கள்.

அப்புறம், பெயர் தெரியாத வாக்கெடுப்பு. ‘புரிஞ்சுதுங்க சார்’ பழக்கத்துக்கு இதுதான் நேரடி மருந்து. வகுப்பு நடுவே மென்டிமீட்டரிலோ டெலிகிராம் வாக்கெடுப்பிலோ கேளுங்கள். ‘புரிந்ததா’ என்று கேட்காமல், ‘இன்று நடத்தியதில் எது இன்னும் குழப்பம்?’ என்று கேட்டு மூன்று நான்கு தலைப்புகளைக் கொடுங்கள். குழப்பம் இருப்பது இயல்பு என்று கேள்வியே ஒத்துக்கொள்வதால் மாணவர்களும் ஒத்துக்கொள்கிறார்கள். ஃபார்ம்ஸில் இதைச் செய்தால் மின்னஞ்சல் சேகரிப்பை அணைத்துவிட்டு, அணைத்திருப்பதைச் சொல்லியும் விடுங்கள். இலவசக் கணக்குகளில் எத்தனை பேர் பங்கேற்கலாம் என்ற வரம்பு அவ்வப்போது மாறும். வகுப்புக்கு முன் சரிபார்க்கவும்.

நேரலை வகுப்பு: நாற்பது நிமிடம் தாராளம்

இலவச ஜூமில் கூட்டம் 40 நிமிடத்தில் முடிந்துவிடும். இலவச கூகுள் மீட்டில் மூன்று பேருக்கு மேல் இருந்தால் 60 நிமிடம். இரண்டிலும் 100 பேர் வரை. கல்லூரி வழியாக வந்த கணக்கில் வரம்பு வேறாக இருக்கும். கணினித் துறையில் கேட்டுக்கொள்ளுங்கள். பலர் இந்த 40 நிமிடத்தைக் குறையாகச் சொல்கிறார்கள். எனக்கு அது வரமாகவே படுகிறது. பாடம் முன்பே பதிவாகப் போய்விட்டது. நேரலையில் சந்தேகம் மட்டும்தானே.

வகுப்புக்கு முன் ஃபார்ம்ஸ் முடிவுகளைப் பாருங்கள். அதிகம் பேர் தவறிய கேள்விகள் இரண்டை எடுத்து, யார் தவறினார்கள் என்று சொல்லாமல், அவற்றிலிருந்து தொடங்குங்கள். பின்பு எல்லாரையும் சாட்டில் விடை எழுதச் சொல்லுங்கள், ஆனால் ‘அனுப்பு’ பொத்தானை நீங்கள் சொன்ன பிறகே அழுத்த வேண்டும். ஒருவர் முந்திக்கொள்ள மற்றவர் அதையே நகலெடுப்பது இதனால் நின்றுவிடும். தமிழில், ஆங்கிலத்தில், தங்கிலீஷில், எப்படி எழுதினாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். மொழிநடைக்கு வேறு நாள் இருக்கிறது.

ஜூமின் பிரேக்அவுட் ரூம் இலவசக் கணக்கிலும் உண்டு. நான்கு பேர் கொண்ட குழுக்களாகப் பிரித்து, ஒரு கணக்கைக் கொடுத்து, எட்டு நிமிடம் விடுங்கள். பெரிய கூட்டத்தில் வாய் திறக்காத பெண் நான்கு பேருக்குள் பேசுவாள். குழுவுக்கு ஒருவர் விடையைச் சொல்ல வேண்டும் என்பதையும், அந்த ஒருவர் யார் என்பதையும் முன்பே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் எட்டு நிமிடமும் அமைதியாகவே போகும்.

கேமராவை ஆன் செய்யச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். ஒரே அறையில் குடும்பம் முழுக்க இருக்கும் வீடுகள் உண்டு. வருகைப் பதிவுக்குக் கேமராவைவிட ஃபார்ம்ஸ் பதில் நம்பகமானது.

ஆய்வகம், மென்பொருள்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் துறைக்குத் துறை மாறும். மத்திய அரசின் ‘வர்ச்சுவல் லேப்ஸ்’ திட்டத்தில் உயிரியல், வேதியியல், பொறியியல் சோதனைகள் இருக்கின்றன. நம் எட்டிமடையில் இருக்கும் அமிர்தா அதில் பங்கேற்கும் நிறுவனங்களில் ஒன்று. திரையிலேயே மாற்றிப் பார்க்கும் மாதிரிகளுக்கு, இயற்பியலில் கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட், கணிதத்தில் ஜியோஜீப்ரா. லிப்ரேஆபீஸ் போன்ற திறமூல மென்பொருள்களைக் கற்றுத்தர ஐஐடி பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியல். தமிழ்க் குரலிலும் இருக்கிறது. எதைக் கொடுத்தாலும் ‘செய்து பார்’ என்று விடாமல், முதலில் என்ன நடக்கும் என்று ஊகித்து எழுதச் சொல்லி, அப்புறம் செய்யச் சொல்லுங்கள். திரையில் படங்கள் நகர்வதைப் பார்ப்பது மட்டும் சோதனை ஆகாது.

ஏஐ கருவிகள்

சாட்ஜிபிடி, ஜெமினி போன்றவை ஆசிரியருக்கு உதவும் இடம் ஒன்று உண்டு. மேலே சொன்ன தவறான விடைகளின் முதல் வரைவு அது. ‘இந்தக் கருத்தில் முதலாமாண்டு மாணவர் செய்யக்கூடிய ஐந்து தவறுகளைச் சொல், ஒவ்வொன்றுக்கும் ஒரு தவறான விடை கொடு’ என்று கேளுங்கள். இரண்டு தேறும், மற்றவற்றைத் தள்ளுங்கள். விடைக் குறிப்பைக் கையால் போட்டுப் பார்க்காமல் அனுப்பாதீர்கள். நூல் பெயர், ஆய்வுக் கட்டுரைப் பெயர் கேட்டால் இல்லாத ஒன்றையும் கூசாமல் சொல்லும். நோட்புக்எல்எம் இதில் கொஞ்சம் பாதுகாப்பு. நீங்கள் ஏற்றிய பாடக் குறிப்புகளை வைத்தே பதில் சொல்லி, எங்கிருந்து எடுத்தது என்றும் காட்டும். அப்போதும் சரிபார்க்க வேண்டியது நீங்கள்தான். மாணவர் பெயர், பதிவு எண், மதிப்பெண் இவற்றை எந்த ஏஐயிலும் ஒட்ட வேண்டாம்.

மாணவர்களும் அதையே பயன்படுத்துவார்கள். அவர்களைப் பிடிக்கும் மென்பொருள்களை நம்பி யாரையும் குற்றவாளி ஆக்காதீர்கள்; தாங்களே எழுதியவர்களும் அதில் மாட்டுவார்கள். அசைன்மென்ட்டை மாற்றுவதுதான் வழி. உங்கள் ஊர்ச் சந்தையில் தேங்காய் விலையை நான்கு வாரம் குறித்து, அட்டவணை போட்டு, அது ஏன் ஏறியது அல்லது இறங்கியது என்று வியாபாரி ஒருவர் சொன்னதைச் சேர்க்கச் சொல்லுங்கள். கூடவே இரண்டு நிமிட வாய்ஸ் நோட். சந்தேகம் வந்தால் போனில் கூப்பிட்டு ஒரு கேள்வி கேட்டால் தெரிந்துவிடும்.

இரண்டு வாரம் கழித்தும், பருவ முடிவிலும்

ஃபார்ம்ஸ் பதில்கள் ஷீட்ஸில் வந்து சேர்ந்திருக்கும். அதில் இரண்டைப் பாருங்கள். முதலாவது, எந்தக் கேள்வியில் பாதிக்கு மேல் தவறியிருக்கிறார்கள்? அந்தப் பாடத்தின் பதிவை மாற்றி எடுங்கள். இரண்டாவது, தொடர்ந்து இரண்டு வாரம் எதையும் நிரப்பாதவர்கள் யார்? மெயில் அனுப்பி நேரத்தை வீணாக்காமல் போன் போடுங்கள். “ஏங்கண்ணு, போன் ரிப்பேருங்களா?” என்று தொடங்கினால் போதும், மிச்சத்தை அவர்களே சொல்வார்கள். கட்டணப் பிரச்சினையோ, வீட்டில் கல்யாணப் பேச்சோ, வேலைக்குப் போகத் தொடங்கியதோ, ஏதாவது ஒன்று இருக்கும். துறைத் தலைவரிடம் கொண்டுபோக வேண்டியதை அப்போதே கொண்டுபோங்கள்.

பருவம் முடிந்ததும் கேள்விகள், பதிவுகள், ஷீட்டுகள் எல்லாவற்றையும் உங்கள் சொந்த ஹார்ட் டிஸ்கில் நகலெடுத்துவிடுங்கள். கௌரவ விரிவுரையாளர்கள் கட்டாயம் செய்ய வேண்டிய வேலை இது. பணிக்காலம் முடிந்து கல்லூரி மின்னஞ்சலை முடக்கினால் அந்தக் கணக்கில் இருந்த ஃபார்ம்ஸும் வீடியோவும் சேர்ந்தே போய்விடும். நகலில் மாணவர் பெயரும் எண்ணும் இருக்கும் நெடுவரிசைகளை மட்டும் அழித்துவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.